க்ளூஸோமீது சுமத்தப்பட்டதும் அவர் செய்ததும்

கேள்வி இதுதான்: ‘வேஜஸ் ஆஃப் ஃபியர்’ எடுத்த பிரெஞ்சு இயக்குநர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ நாஜிகளிடம் வேலை பார்த்தவர் என்கிறார்களே, உண்மையா? அவருடைய படங்களை எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

முதல் பாதிக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடலாம். ஆமாம், ஜெர்மன் முதலீட்டில் நடந்த கம்பெனியில் அவர் சம்பளம் வாங்கினார். அங்கே ஒரு துறைக்குத் தலைவராகவும் இருந்தார். ஆனால் அங்கே அவர் எடுத்த ‘லெ கோர்போ’ நாஜிப் பிரசாரப் படம் என்ற குற்றச்சாட்டு, படத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்தால் நிற்காது. அவர்மீது நிற்கிற குற்றச்சாட்டு வேறு: நடிகர்களை, அதிலும் நடிகைகளை, அவர் படப்பிடிப்பில் நடத்திய விதம். முன்னதைப் பேசுகிற அளவுக்குப் பின்னதை யாரும் பேசுவதில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

க்ளூஸோ 1907 நவம்பர் 20 அன்று பிரான்ஸின் மேற்கே நியோர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா புத்தகக் கடை வைத்திருந்தார். கடை நொடித்துப்போனதும் குடும்பம் பிரெஸ்ட் துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்தது. கடற்படைப் பள்ளியில் சேர ஆசைப்பட்டார். கிட்டப்பார்வை அதற்குத் தடையாக வந்தது. பாரீஸுக்குப் போய் அரசியல் படித்தார், பத்திரிகையில் எழுதினார், அங்கிருந்து திரைக்கதைக்கு வந்தார். 1930களின் தொடக்கத்தில் பெர்லினுக்கு அருகே பாபெல்ஸ்பெர்க் ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. பேசும்படம் புதிதாக வந்த காலம். டப்பிங் இன்னும் சரியாக வரவில்லை. ஒரே செட்டில் பகலில் ஜெர்மன் நடிகர்களை வைத்தும் பிறகு பிரெஞ்சு நடிகர்களை வைத்தும் இரண்டு பதிப்பு எடுப்பார்கள். அந்தப் பிரெஞ்சுப் பதிப்புகளுக்கு எழுதிக் கொடுப்பது க்ளூஸோவின் வேலை. ஜெர்மன் இயக்குநர்கள் மூர்னௌ, ஃப்ரிட்ஸ் லாங் இருவரின் படங்களும் அங்கேதான் அவருக்குள் இறங்கின. வெளிச்சத்தையும் நிழலையும் அவர் பிற்காலத்தில் கையாண்ட முறைக்கு வேர் அந்த வருஷங்களில் இருக்கிறது. யூதத் தயாரிப்பாளர்களோடு நட்பு வைத்திருந்தார் என்பதற்காக நாஜிகள் வந்த பிறகு அந்த வேலை போயிற்று. அவரை நாஜி அனுதாபி என்று வாய்கூசாமல் சொல்கிறவர்கள் இந்த ஒரு தகவலை ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1935-ல் காசநோய். ஏறக்குறைய ஐந்து வருஷம் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்துச் சானடோரியங்களில் படுக்கையில் கிடந்தார். பாரீஸுக்குத் திரும்பும்போது கையில் காசில்லை, போர் தொடங்கிவிட்டது, அவருக்குத் தெரிந்த தயாரிப்பாளர்கள் பலர் நாட்டைவிட்டே போயிருந்தார்கள்.

கான்டினென்டல் ஃபிலிம்ஸ் கதையை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1940 அக்டோபரில், ஆக்கிரமிப்பில் இருந்த பாரீஸில், கோயபல்ஸின் அமைச்சகம் பின்னால் இருந்து தொடங்கிவைத்த கம்பெனி அது. தலைவர் ஆல்ஃப்ரெட் க்ரேவன். சட்டப்படி பிரெஞ்சுக் கம்பெனி, பணம் ஜெர்மன் பணம், நடிகர்களும் தொழில்நுட்பக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்கள். 1941-லிருந்து 1944-க்குள் 30 படங்கள். அவற்றில் நேரடியான நாஜிப் பிரசாரம் என்று எதையும் சுட்ட முடியாது. ஹாலிவுட் படங்கள் வராத இடத்தில் நல்ல பொழுதுபோக்குப் படங்களை ஓட்டிச் சம்பாதிக்க வேண்டும் என்பதுதான் க்ரேவனின் கணக்கு. க்ளூஸோவை பெர்லின் நாள்களிலிருந்தே அவருக்குத் தெரியும்; கூப்பிட்டார். அந்தக் கம்பெனியில் க்ளூஸோ மட்டும் இல்லை. மோரிஸ் தூர்னேர், ஆன்ரி தெக்வான், கிறிஸ்தியன்-ஜாக் எல்லோரும் அங்கே படம் எடுத்தார்கள். யூதப் பின்னணி கொண்ட கம்யூனிஸ்டான ழான்-போல் லெ ஷானுவாகூட அங்கே திரைக்கதை எழுதினார். இதையெல்லாம் சொல்வது க்ளூஸோவைக் கழுவிவிடுவதற்காக இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு படம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவர் அல்ல அவர். திரைக்கதைத் துறையின் தலைவராக உட்கார்ந்திருந்தார். அப்போது அவரோடு வாழ்ந்த நடிகை சுஸி தெலேர், 1942-ல் பிரெஞ்சு நட்சத்திரங்களை பெர்லினுக்கு அழைத்துப்போய்க் காட்டிய பிரசாரப் பயணத்தில் கலந்துகொண்டார். கையில் ஒரு கறையும் படவில்லை என்று யாரும் வாதாட முடியாது.

1942-ல் முதல் முழுநீளப் படம் ‘லஸஸ்ஸாங் அபித் ஒ 21’, கொலையாளி 21-ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறான் என்ற துப்பறியும் நகைச்சுவை. அடுத்த வருஷம் ‘லெ கோர்போ’, அதாவது காகம். ஒரு சின்ன ஊர். “காகம்” என்று கையெழுத்திட்ட மொட்டைக் கடிதங்கள் வரத் தொடங்குகின்றன. கருக்கலைப்பு செய்கிறார் என்று டாக்டர்மீது, கள்ள உறவு என்று இன்னொருத்தர்மீது, உனக்குப் புற்றுநோய், பிழைக்க மாட்டாய் என்று ஒரு நோயாளிக்கு. அந்த நோயாளி தன் கழுத்தை அறுத்துக்கொள்கிறான். ஊரே ஒருவரை ஒருவர் சந்தேகப்படுகிறது. சவ ஊர்வலத்தில் ஒரு கடிதம் விழுகிறது. தேவாலயத்தில் பூசை நடக்கும்போது மேல்மாடத்திலிருந்து இன்னொன்று மெல்ல மிதந்து இறங்குகிறது.

கதை தூல் என்ற ஊரில் 1917-லிருந்து 1922 வரை உண்மையில் நடந்த மொட்டைக் கடித வழக்கிலிருந்து வந்தது. குற்றவியல் நிபுணர் எட்மோன் லோகார் அந்த வழக்கில் சந்தேகப்பட்டவர்களை உட்காரவைத்து நீண்ட நேரம் சொல்வதெழுதச் செய்தார். கை சோர்ந்தால் போலிக் கையெழுத்து குலைந்துவிடும், சொந்தக் கையெழுத்து வெளியே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. படத்திலும் அப்படியே ஒரு காட்சி உண்டு. திரைக்கதையின் முதல் வடிவத்தை லூயி ஷவான்ஸ் 1937-லேயே பதிவு செய்துவைத்திருந்தார். போருக்கு இரண்டு வருஷம் முன்னால் எழுதிய கதையை ஆக்கிரமிப்புக்காரர்கள் பிரான்ஸை அவமானப்படுத்தச் சொல்லி எழுதவைத்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1943-ல் பிரெஞ்சு அதிகாரிகளுக்கும் ஜெர்மானியர்களுக்கும் தினமும் மொட்டைக் கடிதம் வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யூதர் ஒளிந்திருக்கிறார், எதிர்வீட்டுக்காரர் வானொலியில் லண்டன் கேட்கிறார் என்று. ஆக்கிரமிப்பு நிர்வாகத்துக்கு அந்தக் கடிதங்கள் தேவை. அந்த நேரத்தில், காட்டிக்கொடுக்கிறவனை ஊரையே அழிக்கும் நோயாகக் காட்டிய படம் இது. கான்டினென்டல் அதைத் தயாரித்தது என்பது சரித்திரத்தின் விநோதம்தான். ஜெர்மானியர்களுக்கு இணங்கிப்போன பிரெஞ்சு விஷி அரசும் திட்டியது, கத்தோலிக்கத் திருச்சபையும் திட்டியது, தலைமறைவாக வந்த எதிர்ப்பு இயக்கப் பத்திரிகையும் திட்டியது. மூன்று எதிரிகள் ஒரே படத்தை ஒரே மூச்சில் வெறுத்தது அபூர்வம். 1943 செப்டம்பர் இறுதியில் படம் வெளிவந்தபோது க்ளூஸோ கம்பெனியில் இல்லை.

படத்தில் ஒரே ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வேன். பள்ளி அறை, மேலே தொங்கும் ஒற்றை விளக்கு. கிழவர் வொர்ஸே, ஜெர்மேன் என்ற டாக்டரிடம் பேசுகிறார். நல்லவர்கள் ஒருபக்கம், கெட்டவர்கள் ஒருபக்கம் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே விளக்கை ஒரு தள்ளு தள்ளுகிறார். வெளிச்சம் ஊசலாடுகிறது, ஒரு நொடி கிழவர் முகத்தில், மறுநொடி அவர் இருளில். எல்லை எங்கே என்று கேட்கிறார். டாக்டர் விளக்கைப் பிடித்து நிறுத்தப் போகிறார், கை சுட்டுவிடுகிறது. ஒரு கருத்தைச் சொல்ல க்ளூஸோவுக்கு ஒரு பல்பும் ஒரு கயிறும் போதுமாக இருந்தன.

பிரான்ஸின் விடுதலைக்குப் பிறகு கணக்குத் தீர்க்கும் காலம் வந்தது. க்ளூஸோவுக்கு வாழ்நாள் முழுக்கப் படம் எடுக்கத் தடை விதித்தார்கள்; படப்பிடிப்புத் தளத்துக்குள் போகக்கூடாது, கேமராவைத் தொடக்கூடாது. ‘லெ கோர்போ’வும் தடைசெய்யப்பட்டது. அந்தப் படம் ஜெர்மனியில் “ஒரு பிரெஞ்சுச் சிற்றூர்” என்ற தலைப்பில் திரையிடப்பட்டது என்ற வதந்தியும் அவரைச் சாய்க்கப் பயன்பட்டது. ழான் கொக்தோ, ரெனே கிளேர், மார்செல் கார்னே, சார்த்தர் போன்றவர்கள் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். தண்டனை இரண்டு வருஷமாகக் குறைந்தது. 1947-ல் அவரும் படமும் திரும்பினார்கள்.

திரும்பி வந்த வேகம் ஆச்சரியமானது. ‘கே தெ ஓர்ஃபேவ்ர்’ (1947), பாரீஸ் போலீஸ் தலைமையகம் இருக்கும் தெருவின் பெயர். இதற்கு மூலமான ஸ்டீமனின் நாவல் அப்போது கடையில் கிடைக்கவில்லை. க்ளூஸோ நினைவிலிருந்தே திரைக்கதையை எழுதத் தொடங்கினார். பிறகு புத்தகம் கைக்கு வந்தபோது பார்த்தால், கதை எங்கேயோ போயிருந்தது, கொலையாளியே வேறு ஆள். தன் வடிவத்தையே வைத்துக்கொண்டார். பிரான்ஸில் சுமார் 55 லட்சம் டிக்கெட் விற்றது, வெனிஸில் சிறந்த இயக்குநர் பரிசு கிடைத்தது. லூயி ழூவே நடித்த இன்ஸ்பெக்டர் அந்துவான் காலனியிலிருந்து கூட்டிவந்த சிறுவனைத் தனியாக வளர்க்கிறார். இன்னொரு பெண்மீது காதல் கொண்ட புகைப்படக் கலைஞர் தோராவை அந்தக் காலத்துப் படத்தில் இவ்வளவு மரியாதையோடு காட்டியவர்கள் மிகக் குறைவு. மனிதர்களை வெறுக்கிறவர் என்று க்ளூஸோவைச் சொல்கிறவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். 1949-ல் ‘மனோன்’ வெனிஸின் தங்கச் சிங்கத்தை வாங்கியது. ‘மிக்கெத்’ (1950) என்ற நகைச்சுவை தோற்றது; அதைத் தேடிப் பார்க்க அவசியமில்லை.

1950-ல் வேரா அமாதோவை மணந்தார். பிரேசில்காரர், எழுத்தாளரும் தூதரக அதிகாரியுமான ஜில்பெர்தோ அமாதோவின் மகள். இருவரும் பிரேசிலுக்குப் போய் ஆவணப்படம் எடுக்க முயன்றார்கள். குடிசைப் பகுதிகளைப் படம் பிடிப்பதை அங்கே அரசாங்கம் விரும்பவில்லை. படம் நின்றது, அதற்குப் பதிலாக ஒரு புத்தகம் வந்தது. ஆனால் வெயில், புழுதி, வேலை இல்லாமல் தெருவில் காத்திருக்கும் ஆண்கள் எல்லாம் அவர் தலையில் தங்கிவிட்டன.

அதுதான் ‘லெ சலேர் து லா பர்’ ஆயிற்று. நம்மிடம் ‘வேஜஸ் ஆஃப் ஃபியர்’. ஜார்ஜ் அர்னோவின் நாவல். தென் அமெரிக்க ஊர் ஒன்றில் சிக்கிக்கொண்ட நான்கு வெளிநாட்டுக்காரர்கள், எரியும் எண்ணெய்க் கிணற்றை அணைக்க இரண்டு லாரி நைட்ரோகிளிசரின் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஆளுக்கு 2000 டாலர். பெரிய குலுக்கல் ஒன்று போதும், எல்லாம் முடிந்தது.

ஸ்பெயினில் எடுப்பதுதான் முதல் திட்டம். ஃப்ராங்கோ ஆளும் நாட்டில் வேலை செய்ய மாட்டேன் என்று நாயகன் இவ் மோந்தான் மறுத்தார். அதனால் தெற்குப் பிரான்ஸின் கமார்க் பகுதியில் செட் போட்டார்கள். ஊர் செட் எழுந்த இடம் சலியே. போரின்போது விஷி அரசு ரோமா மக்களை அடைத்துவைத்த முகாம் இருந்த இடம். இந்த விவரம் வெகுநாள் யார் கண்ணிலும் படவில்லை.

1951 ஆகஸ்ட் இறுதியில் ஒன்பது வாரத் திட்டத்தோடு தொடங்கினார்கள். தப்பாகப் போகக்கூடியதெல்லாம் போயிற்று. அந்த வறண்ட பகுதியில் மழை கொட்டித் தீர்த்தது. லாரிகள் சேற்றில் புதைந்தன, கிரேன் சாய்ந்தது, செட் நாசமானது. க்ளூஸோ கணுக்காலை உடைத்துக்கொண்டார், வேரா படுத்துவிட்டார். திட்டத்துக்கு மேல் 5 கோடி ஃப்ராங்க் எகிறியது. நவம்பர் முடியும்போது பாதிதான் முடிந்திருந்தது. பகல் குறுகிவிட்டதால் வெளிச்சம் போதவில்லை. ஏழு மாதம் நிறுத்திவைத்து அடுத்த கோடையில் மிச்சத்தை எடுத்தார். மோந்தானும் ஷார்ல் வனேலும் எண்ணெய்க் குட்டைக் காட்சியை உண்மையான கச்சா எண்ணெயில் நடித்துக் கண் அழற்சி வாங்கினார்கள். வனேல் செய்த கோழைப் பாத்திரம் முதலில் ழான் கபேனிடம் போனது. கோழையாக நடித்தால் என் ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று அவர் விட்டுவிட்டார். வனேலுக்குக் கான் விழாவில் பாராட்டு கிடைத்தது.

பயம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்கு இந்தப் படம் பாடம். லாரி நகரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. பலருக்கு இங்கேதான் பொறுமை போகிறது. அந்த ஒரு மணி நேரத்தை வெட்டினால் படம் செத்துவிடும். அந்த ஊரில் இருப்பதைவிட வெடித்துச் சாவது மேல் என்று இந்த ஆள்கள் ஏன் நினைக்கிறார்கள் என்பது அங்கேதான் நமக்குள் ஏறுகிறது. பிறகு திரவத்தின் சக்தியை நிரூபிக்க ஒரே ஒரு துளி. அதற்குப் பிறகு நாம் திரையில் பார்ப்பதெல்லாம் சாதாரணப் பொருள்கள்: பலகை, பாறை, குட்டை, மேடு பள்ளமான சாலை. ஒவ்வொரு தடையும் வேறு வகை. அலையலையாக வரித்த சாலையில் ஒன்று ஊர்ந்து போக வேண்டும், இல்லை அதிவேகமாகப் பறக்க வேண்டும், நடுவில் போனால் குலுக்கல். மலை வளைவில் அழுகிய மரமேடையில் பின்பக்கமாக லாரியை ஏற்ற வேண்டும். வழியை மறித்த பாறையைச் சரக்கிலிருந்தே கொஞ்சம் எடுத்துத் தகர்க்க வேண்டும். ஒரு முறை பயன்படுத்திய பயத்தை அவர் இரண்டாம் முறை விற்பதில்லை.

ஒரு லாரி வெடிப்பதை அவர் காட்டுவதே இல்லை என்பதையும் கவனியுங்கள். பின்னால் வருகிற லாரிக்குள் ஜோ (வனேல்) சிகரெட் சுருட்டுகிறான். சட்டென்று ஒரு காற்று, தாளில் இருந்த புகையிலை பறந்துவிடுகிறது. முன்னால் போன இருவரும் இனி இல்லை. வெடிகுண்டுச் செலவு மிச்சம் என்பதற்காகச் செய்ததல்ல இது. தாளில் இருந்த தூள் காணாமல்போவதைப் பார்த்த பிறகு, மிச்சமிருக்கும் லாரியின் ஒவ்வொரு அசைவையும் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம்.

1953-ல் கான் விழாவின் உயர்ந்த பரிசும் பெர்லினின் தங்கக் கரடியும் இந்த ஒரே படத்துக்குக் கிடைத்தன. ‘மனோன்’ ஏற்கெனவே வெனிஸில் வென்றிருந்ததால், மூன்று பெரிய விழாக்களின் தலைப்பரிசையும் பெற்ற முதல் இயக்குநர் க்ளூஸோ ஆனார். பிரான்ஸில் சுமார் 69 லட்சம் பேர் பார்த்தார்கள். அமெரிக்காவில் மட்டும் சிக்கல். எண்ணெய்க் கம்பெனி அமெரிக்கக் கம்பெனி, அதன் முதலாளிகள் உள்ளூர்த் தொழிலாளிகளின் உயிரை மதிப்பதில்லை என்று படம் பச்சையாகச் சொல்கிறது. அமெரிக்க எதிர்ப்புப் படம் என்று கூக்குரல் எழுந்தது, பல காட்சிகளை வெட்டித்தான் அங்கே ஓட்டினார்கள். 1977-ல் வில்லியம் ஃப்ரீட்கின் அதே நாவலை ‘சார்சரர்’ என்று எடுத்து க்ளூஸோவுக்குக் காணிக்கையாக்கினார்.

அடுத்து ‘லே தியாபோலிக்’ (1955). புவாலோ-நார்ஸெஜாக் என்ற இரட்டை எழுத்தாளர்களின் நாவல். ஹிட்ச்காக்கும் அதன் உரிமைக்குக் கண் வைத்திருந்தார், க்ளூஸோ முந்திக்கொண்டார். அதே எழுத்தாளர்களின் இன்னொரு நாவலிலிருந்துதான் பிறகு ‘வெர்டிகோ’ வந்தது. கொடுமைக்காரப் பள்ளி முதல்வனை அவன் மனைவியும் காதலியும் சேர்ந்து கொல்கிறார்கள். பிணத்தைப் பள்ளி நீச்சல் குளத்தில் போடுகிறார்கள். குளத்தை வற்றடித்தால் பிணம் இல்லை. இதற்கு மேல் கதையை எங்கேயும் படித்துவிடாதீர்கள். முடிவை நண்பர்களிடம் சொல்லிக் கெடுக்காதீர்கள் என்று படத்தின் கடைசியில் அவரே எழுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டார். படம் தொடங்கிய பிறகு தியேட்டருக்குள் யாரையும் விடக்கூடாது என்றும் வைத்தார். ‘சைக்கோ’ வெளியீட்டில் ஹிட்ச்காக் கையாண்ட அதே உத்தி, ஐந்து வருஷம் முன்னாலேயே. படத்தைப் பார்க்கும்போது காதைத் தீட்டிவையுங்கள்: தொடக்க எழுத்து போன பிறகு பின்னணி இசையே கிடையாது. கடைசி இருபது நிமிஷத்தின் பயங்கரம் முழுக்கக் காலடி ஓசை, கதவுக் கீல், தட்டச்சு இயந்திரம் ஆகியவற்றிலிருந்தே வருகிறது.

இந்தப் படத்தில்தான் இரண்டாவது குற்றச்சாட்டு கனக்கத் தொடங்குகிறது. இதயம் பலவீனமான மனைவியாக நடித்தவர் வேரா. நிஜத்திலும் அவருக்கு இதய நோய். எட்டு வாரம் என்று பேசிய படப்பிடிப்பு பதினாறு வாரம் நீண்டது. சிமோன் சிஞோரே எட்டு வாரச் சம்பளத்துக்குப் பதினாறு வாரம் உழைத்தார். க்ளூஸோ நடிகர்களை அறைவார் என்பது ‘கே தெ ஓர்ஃபேவ்ர்’ காலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அடித்தவரும் மறைக்கவில்லை. ‘லா வெரித்தே’ (1960) வந்தபோது அது உச்சத்துக்குப் போயிற்று. காட்சிக்காகத் தனக்கு ஆஸ்பிரின் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார் என்று அதன் நாயகி பிரிழித் பர்தோ தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் படம் முடிந்த பிறகு, 1960 செப்டம்பரில் தன் 26-ஆவது பிறந்த நாளில், பர்தோ தற்கொலைக்கு முயன்றார். க்ளூஸோவுக்கும் படப்பிடிப்பின்போது மாரடைப்பு. வேராவின் மனநிலை நொறுங்கியது. 1960 டிசம்பரில் மாரடைப்பில் இறந்தார். படம் சுமார் 57 லட்சம் டிக்கெட் விற்றது, ஆஸ்காருக்குப் பரிந்துரையானது, பர்தோவின் ஆகச் சிறந்த நடிப்பு என்று இன்றும் பேசப்படுகிறது.

அந்தப் படத்தின் கதையிலும் உறுத்தல் உண்டு. 1953-ல் பாரீஸில் தீர்ப்பான ஒரு காதல் கொலை வழக்கின் சாயல் அதில் இருக்கிறது. அந்த வழக்கில் தண்டனை பெற்ற பெண் விடுதலையாகி வெளியே வந்த அதே வருஷம் படம் வந்தது. அவர் நாட்டைவிட்டு மொராக்கோவுக்குப் போனார், 1963-ல் தற்கொலை செய்துகொண்டார். வழக்குமன்றத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குதறுகிறார்கள் என்று சொல்ல எடுத்த படம், உயிரோடிருந்த ஒரு பெண்ணின் காயத்தைத் திரும்பத் திறந்தது. நடிப்பு நன்றாக வந்தது என்பதால் அறைந்தது சரியாகிவிடாது. அறை வாங்காமலேயே வனேலும் ழூவேயும் அவருக்குத் தங்கள் வாழ்நாளின் நல்ல நடிப்பைத் தந்திருக்கிறார்கள். அந்த வன்முறை தேவைப்பட்டது என்ற வாதத்தை அவருடைய படங்களே உடைக்கின்றன.

இடையில் எல்லோரும் தவறவிடும் படம் ஒன்று: ‘லெ மிஸ்தேர் பிக்காஸோ’ (1956), 78 நிமிஷம். நீஸ் நகரத்து ‘விக்டோரீன்’ ஸ்டுடியோவில் 1955 கோடையில் எடுத்தது. தாளின் மறுபக்கம் வரை ஊறிப் பரவும் ஒரு வகை மை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒளி ஊடுருவும் தாளைச் சட்டத்தில் நிறுத்தி, ஒருபக்கம் பிக்காஸோ வரைய, மறுபக்கம் கேமரா. கையும் தெரியாது, ஆளும் தெரியாது. வெள்ளைத் திரையில் கோடு தானாகப் பிறக்கிறது. ஒளிப்பதிவு கிளோத் ரெனுவார், ஓவியர் ரெனுவாரின் பேரன். எண்ணெய் வண்ணம் தாளில் ஊறாது என்பதால் அந்தப் பகுதிக்கு வேறு முறை: கொஞ்சம் வரைவார், நிறுத்துவார், சில ஃபிரேம் எடுப்பார்கள், மீண்டும் வரைவார். 35 எம்.எம். ஃபிலிம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 27 மீட்டர் ஓடிவிடும். ஒரு 300 மீட்டர்ச் சுருள் பதினோரு நிமிஷம்தான். படத்தில் ஓரிடத்தில் ஃபிலிம் தீரப்போகிறது, க்ளூஸோ மிச்ச நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், பிக்காஸோ பூங்கொத்தை மீனாக்கி, மீனைக் கோழியாக்கி, கோழியை முகமாக்குகிறார். லாரிப் படத்துக்குக் குறையாத பதைப்பு, வெறும் கோட்டில். கடைசி ஓவியங்களுக்குத் திரை சட்டென்று சினிமாஸ்கோப்பாக விரிகிறது. ஓடியபோது சுமார் 37,000 பேர்தான் பார்த்தார்கள். 1984-ல் பிரெஞ்சு அரசு இதைத் தேசியச் சொத்தாக அறிவித்தது.

அந்த நேரத்தில் காற்று மாறிக்கொண்டிருந்தது. 1954-லேயே, அப்போது இளம் விமர்சகராக இருந்த த்ரூஃபோ, திரைக்கதையாசிரியர்களை நம்பி நாவல்களைப் படமாக்கும் பழைய தலைமுறையைக் கடுமையாகத் தாக்கி எழுதியிருந்தார். முன்கூட்டியே ஷாட் ஷாட்டாக வரைந்துவைத்துக்கொண்டு எடுக்கும் க்ளூஸோ அந்தப் பழைய அணியில் சேர்க்கப்பட்டார். அது அவரை உள்ளுக்குள் அரித்தது. நானும் புதிதாகச் செய்து காட்டுகிறேன் என்ற வேகத்தில் 1964-ல் ‘லான்ஃபேர்’, அதாவது நரகம், தொடங்கினார். மனைவியைச் சந்தேகித்துப் பைத்தியமாகும் ஓட்டல்காரன் கதை; செர்ஜ் ரெஜியானி, ரோமி ஷ்னைடர். நிஜம் கறுப்பு வெள்ளையில், சந்தேகம் வண்ணத்தில். வண்ணத்தைத் தலைகீழாக்கி ஏரி இரத்தச் சிவப்பாகத் தெரிய வேண்டும். அப்படித் திருப்பினால் மனிதத் தோலும் நிறம் மாறிவிடும் என்பதால் நடிகர்களுக்கு எதிர்நிறத்தில் முகப்பூச்சு, ஷ்னைடருக்கு நீல உதட்டுச் சாயம். சோதனைக் காட்சிகளைப் பார்த்த கொலம்பியா கம்பெனி, எவ்வளவு செலவானாலும் சரி என்றது.

அங்கேதான் அழிவு தொடங்கியது. கராபி பாலத்தடியில் இருந்த ஏரி மின்நிலையத்துக்கான நீர்த்தேக்கம். மூன்று வாரத்தில் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அதனால் மூன்று கேமராக் குழுக்கள், சுமார் 150 பேர். ஆனால் க்ளூஸோ முதல் குழுவோடு நின்றுகொண்டு ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார். மற்ற இரண்டு குழுவும் சும்மா உட்கார்ந்திருந்தன. அவருக்குத் தூக்கம் வராது, நள்ளிரவில் மற்றவர்களை எழுப்புவார். கதை, இயக்கம், தயாரிப்பு எல்லாம் அவர் கையில், போதும் என்று சொல்ல ஆளில்லை. நாள்கணக்கில் ஓடவிடப்பட்ட ரெஜியானி படுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பதிலுக்கு வந்த த்ரெந்தினியானும் சில நாளில் போய்விட்டார். ஏரியில் படகுக் காட்சி எடுக்கும்போது க்ளூஸோவுக்கு மாரடைப்பு. மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்தது. மிஞ்சியது 185 டப்பா ஃபிலிம்.

பிறகு இசைக்குழு நடத்துநர் காராயனின் இசை நிகழ்ச்சிகளைத் தொலைக்காட்சிக்குப் படமாக்கினார். 1968-ல் ‘லா ப்ரிஸோனியேர்’, அவருடைய கடைசிப் படம். நடுவில் உடல்நிலை கெட்டுப் பல மாதம் நின்று முடிந்தது. 1977 ஜனவரி 12 அன்று பாரீஸில் இறந்தார், வயது 69. மோன்மார்த்ர் கல்லறையில் வேராவின் பக்கத்தில் அடக்கம்.

பார்க்கும் வரிசை: முதலில் ‘லே தியாபோலிக்’, விமர்சனம் எதுவும் படிக்காமல், இரவில், ஹெட்ஃபோன் போட்டு. 1996-ல் வந்த ஹாலிவுட் மறுஆக்கத்தைத் தவறிப்போய் எடுத்துவிடாதீர்கள். அடுத்து ‘லெ கோர்போ’, ஒன்றரை மணி நேரம்தான். பிறகு ‘வேஜஸ் ஆஃப் ஃபியர்’. ஓடும் நேரத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள்: இரண்டரை மணி நேரத்துக்குக் கணிசமாகக் குறைந்தால் அது வெட்டிய பிரதி, விட்டுவிடுங்கள். அதன் பிறகு ‘கே தெ ஓர்ஃபேவ்ர்’, பிக்காஸோ படம், ‘லா வெரித்தே’. 1957-ல் வந்த ‘லே எஸ்பியோன்’, அதாவது ஒற்றர்கள், கடைசிக்கு இருக்கட்டும். ‘லான்ஃபேர்’ பற்றி செர்ஜ் ப்ரோம்பெர்க் 2009-ல் எடுத்த ஆவணப்படத்தை ‘லா ப்ரிஸோனியேர்’ பார்ப்பதற்கு முன் பாருங்கள். நின்றுபோன படத்துக்காகச் செய்த சோதனைகளை ‘லா ப்ரிஸோனியேர்’ படத்தின் கடைசி நிமிஷங்களில் க்ளூஸோ எப்படித் திரும்ப எடுத்தாண்டார் என்பது அப்போதுதான் புரியும்.